விரிசல் விழும்வரை

ஜூன் 3, திங்கள்

காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. இரண்டு குடம் வைத்துக்கொண்டு நானும் மலர்விழியும் குளித்து, சமைத்து, கிளம்புவதற்குள் அவளுடைய பள்ளிப் பேருந்து போய்விட்டது. ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காக்களூர் வந்து சேர்ந்தபோது ஆய்வகத்தில் எல்லோரும் டீ குடித்து முடித்திருந்தார்கள்.

என் மேஜையில் ஒரு மரப்பெட்டி. கடலுக்கடியில் எண்ணெயும் வாயுவும் கொண்டுபோகும் குழாய்களுக்கான எஃகுத் துண்டுகள். எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர் முன்னிலையில் வெட்டி, முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இதுவரை வேறு ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்த வேலை. எண்ணெய்க் கம்பெனியில் புதிதாக வந்திருக்கும் அதிகாரி எங்களிடம் திருப்பிவிட்டிருக்கிறார்.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் ஆலையின் பெயர்: திருமேனி ட்யூப்ஸ். அதன் கீழே, தரக்கட்டுப்பாட்டுத் தலைவர், ஆர். கஜேந்திரன்.

அந்தப் பெயரைப் படித்ததும் ஆய்வகத் தலைவர் சாரங்கபாணி சாரிடம் போய், இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து எப்போதும்போல நேராகத்தான் விழுந்தது.

ஜூன் 4, செவ்வாய்

லாரி வந்தது. இட்லிக்கு அரைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 6, வியாழன்

வேறொன்றும் இல்லை என்று எழுதியது பொய். நேற்றும் முந்தாநாளும் அந்தப் பெட்டியைத் தவிர எதையும் நினைக்கவில்லை.

எழுதிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் கிழக்குக் கடலில் ஓர் எண்ணெய் மேடையில் ஒரு குழாய் பிளந்தது. அதில் வந்துகொண்டிருந்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த வாயு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் அந்த நாற்றமே தெரியாது, மூக்கு செத்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து விலகியது என்று மனிதன் நினைப்பான், அடுத்த மூச்சில் விழுவான். என் கணவர் நல்லசிவம் அப்படித்தான் விழுந்தார். அவரைத் தூக்கப்போன ஸ்தனிஸ்லாஸும் விழுந்தார். காசிமேட்டுக்காரர். இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

விசாரணையில் குழாய் ஆலையின் சார்பாக வந்தவர் கஜேந்திரன். எஃகில் ஒரு குறையும் இல்லை என்றார். தவறான வால்வைத் திறந்து அழுத்தத்தை ஏற்றிவிட்டார் நல்லசிவம் என்றார். செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லவா முடியும்? அப்படியே முடிவு எழுதிவிட்டார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒருமுறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவருடைய பின்கழுத்தைத்தான் இரண்டு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். காலருக்கு மேலே ஒரு மடிப்பு.

வெளியே வந்தபோது ஸ்தனிஸ்லாஸின் மனைவி ரோஸ்லின் என் முகத்தில் காறித் துப்பினாள். "உம் புருசன்தான்டி எம் புருசன கொன்னான்." நான் துடைத்துக்கொள்ளவில்லை.

என் ஆய்வகத்தில் நான் தமயந்தி, அப்பாவின் இனிஷியலோடு. நல்லசிவத்தின் மனைவி என்று இங்கே யாருக்கும் தெரியாது. அந்த மரணத்துக்குப் பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். அரிப்புச் சோதனைப் பிரிவு என்று தெரிந்தேதான் கேட்டு வந்தேன். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

ஜூன் 8, சனி

சோதனை எளிமையானதுதான். எஃகை ஸ்கேல் போலப் பட்டையாக அறுத்து, ஒரு சட்டத்தில் மாட்டி, திருகை முறுக்கி வில் மாதிரி வளைக்க வேண்டும். எவ்வளவு வளைய வேண்டும் என்று கணக்கு உண்டு; அளவுக் கருவியின் முள் அந்தக் கோட்டில் நிற்கும்வரை முறுக்கலாம். பிறகு வளைத்தபடியே உப்பும் அமிலமும் கலந்த தண்ணீரில் ஒரு மாதம் மூழ்கடித்து, அந்த விஷவாயுவை உள்ளே விட்டுக்கொண்டே இருப்போம். வாயுவிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து, எங்கே பலவீனம் என்று தேடும். நல்ல எஃகு தாங்கும். மோசமான எஃகு உடையும்.

கோட்டைத் தாண்டி முறுக்கினால் நல்ல எஃகும் உடையும்.

இன்று ஒரு பட்டை கெட்டுப்போனது. கை தவறிவிட்டது என்று குறித்துவிட்டு, வேறு பட்டை எடுத்துக்கொண்டேன்.

என் கை தவறாது. எட்டு வருடம் கல்லூரியில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

மலர்விழிக்குச் சப்பாத்தி. துணி துவைத்தேன். அவள் கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அம்மா, நீ ஏன் ரெண்டு நாளா பல்லக் கடிச்சுக்கிட்டே இருக்க?"

நாள் முழுக்க யோசித்தேன். நான் முறுக்கி உடைத்தால் என்ன ஆகும்? கஜேந்திரன் மறுசோதனை கேட்பார். நான் யார் என்று எப்படியும் கண்டுபிடிப்பார். 'பழிவாங்கினாள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மறுபடியும் அவர் நிற்பார், நாங்கள் விழுவோம்.

அவர் தப்பிக்க ஓர் ஓட்டைகூட இருக்கக் கூடாது. அந்த ஓட்டைகளில் பெரியது நான்தான்.

ஜூன் 10, திங்கள்

சாரங்கபாணி சாரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. இன்று பட்டார்.

"மூணு வருஷமா என்கிட்ட சொல்லணும்னு தோணலையா, தமயந்தி?"

"தோணல சார்."

"பெட்டி வந்த அன்னைக்காவது சொல்லியிருக்கணும்ல?"

"சொல்லியிருக்கணும்."

"நீ தொட்ட பட்டை எதுவும் செல்லாது. எல்லாத்தையும் தூக்கிப் போடு. புதுசா அறுக்கச் சொல்றேன். நானே மாட்டுறேன். நீ அந்த அறைக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது."

"இன்னொண்ணு சார். மிச்சத் துண்டுல பாதிய புனேக்கு அனுப்புங்க. அங்க இருக்கிற ஆய்வகமும் தனியா இதே சோதனையப் பண்ணட்டும். எண்ணெய்க் கம்பெனிக்கும் இதெல்லாம் சொல்லிடுங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இறங்கி, முகத்தில் வேறு ஏதோ வந்தது.

"நீ நியாயத்துக்காக விலகலை, இல்லையா?"

சோதனை அறைச் சாவியை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டார். "எண்ணெய்க் கம்பெனிக்கு நான் எழுதிடறேன். ஆலைக்கு நம்மளா சொல்ல வேண்டியதில்ல" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 12, புதன்

சார் பட்டைகளைத் தொட்டிக்குள் இறக்கினார். வாயு திறந்தது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சின்னச் சின்னக் குமிழிகள்.

ஜூன் 14, வெள்ளி

புனேயிலும் தொடங்கிவிட்டார்கள்.

ஜூன் 20, வியாழன்

அவர் வந்தார்.

ஆலையின் ஆள் நடுவில் ஒருமுறை வந்து பார்ப்பது வழக்கம்தான். கீழே உள்ளவர்களை அனுப்புவார்கள். இவர் தானே வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் சாமிக் கயிறு. தலை நிறைய நரைத்திருக்கிறது. சார் ஒரு தொலைபேசி அழைப்பில் இருந்ததால் அவரை வரவேற்று உட்காரவைக்கும் வேலை எனக்கு வந்தது.

"நீங்கதான் இந்தப் பிரிவு ஹெட்டா மேடம்? லேடீஸ் இதுல இருக்கிறது அபூர்வம். ரொம்ப சந்தோஷம்."

காபி கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

"எங்க எஃகுல ஒண்ணும் வராது மேடம். இருபது வருஷமா கடலுக்கடியில கிடக்குது, ஒரு கம்ப்ளைன்ட் கிடையாது."

"ஒண்ணுகூடவா சார்?"

டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். கண் ஒரு நொடி ஜன்னல் பக்கம் போனது. "ஒண்ணுகூட இல்ல" என்றார்.

அந்த ஒரு நொடி எனக்குப் போதும். இவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் இவரை ஒரு முட்டாள் என்றோ, ஆலை சொன்னதைத் திருப்பிச் சொன்னவர் என்றோ நினைக்க எனக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. இனி அந்த இடம் இல்லை.

போகும்போது கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். திரும்பி நடந்தபோது காலருக்கு மேலே அதே மடிப்பு.

ஜூன் 21, வெள்ளி

அவர் குடித்த டம்ளரைக் குப்பையில் போட்டுவிட்டேன். எவர்சில்வர் டம்ளர். ஆபீஸ் பொருள். புதிது வாங்கி வைக்க வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

மலர்விழியின் வகுப்பில் ஒரு பெண், "உங்கப்பாதானே ஒருத்தரைச் சாகடிச்சவரு" என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னாள். அழவில்லை. "நான் என்னம்மா சொல்லணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"கொஞ்ச நாள் பொறு" என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

துறைமுகத்தில் இந்தக் குழாய்களைக் கப்பலில் ஏற்றத் தயாராக அடுக்கிவிட்டார்களாம். சோதனை முடிந்து பச்சைக்கொடி காட்டினால் கிளம்பும். சார் சொன்னார்.

நான் வேண்டிக்கொள்வதில்லை. இன்று பேருந்தில் வரும்போது வேண்டிக்கொண்டேன். உடை, உடை, உடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் வாய் அசைவதைப் பார்த்து, மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மரியாதை செய்தார்.

ஜூலை 7, ஞாயிறு

எஃகு தாங்கிவிட்டால்? அன்று கெட்ட எஃகு, இன்று திருந்தி நல்ல எஃகு செய்கிறார்கள் என்றால்? ஒரு நல்ல குழாய் கடலுக்குப் போகிறது என்று நான் மகிழ வேண்டும்.

மகிழ மாட்டேன். எழுதிவைக்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

தொட்டியைத் திறந்தார்கள்.

கஜேந்திரன் இருந்தார். எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஃபரூக் என்ற இன்ஜினியர். நான் கண்ணாடிக்கு வெளியே. சாரங்கபாணி சார் முதல் பட்டையை எடுத்துக் கழுவித் துடைத்தார். கறுத்துப்போயிருந்தது, முழுசாக இருந்தது. இரண்டாவதும் முழுசு. கஜேந்திரன் ஃபரூக்கிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது பட்டை கையில் எடுத்ததும் இரண்டாகப் பிரிந்தது.

சார் மற்ற இரண்டையும் நுண்ணோக்கியில் வைத்தார். நீண்ட நேரம் பார்த்துவிட்டு ஃபரூக்கைக் கூப்பிட்டார். ஃபரூக் பார்த்துவிட்டு, "இதுலயும் விரிசல்" என்று கஜேந்திரனைக் கூப்பிட்டார். கஜேந்திரன் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத மனிதர் அப்படித்தான் நிற்பார்.

வெளியே வந்து கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அழுகை என்று யாராவது நினைத்திருக்கலாம்.

ஜூலை 15, திங்கள்

நினைத்தது நடந்தது. கண்டுபிடித்துவிட்டார். பகல் பன்னிரண்டு மணிக்குச் சாரின் அறையில் கஜேந்திரன் கத்துவது வராந்தா வரை கேட்டது.

"அந்தப் பொம்பள யாருன்னு தெரியுமா உங்களுக்கு? நல்லசிவம் பொண்டாட்டி! எங்க மேல வன்மம் வச்சிருக்கிறவ கையில எங்க சாம்பிளக் குடுத்திருக்கீங்க. இந்த ரிப்போர்ட்ட கோர்ட்டுல கிழிச்சுப் போடுவேன்!"

சாரின் குரல் உயரவே இல்லை. "தெரியும் சார். சோதனைக்கு முன்னாடியே அவங்களே சொல்லி விலகிட்டாங்க. எண்ணெய்க் கம்பெனிக்கும் அன்னைக்கே எழுதிட்டோம். இன்னொரு செட் புனேல ஓடி முடிஞ்சிருக்கு. நாளைக்கு முடிவு வரும்."

கதவைத் திறந்து வெளியே வந்த கஜேந்திரன் என்னைப் பார்த்தார். முதல்முறையாக, நேராக. நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் எடுத்தார்.

ஜூலை 16, செவ்வாய்

புனே: மூன்றில் மூன்றும் விரிசல்.

மாலையில் சார் சொன்னார், அறிக்கை நாளைக் காலை போய்விடும் என்று. வீட்டுக்கு வந்து ரவா உப்புமா செய்தேன். கருகிவிட்டது. மலர்விழி அதையே சாப்பிட்டாள்.

ஜூலை 17, புதன்

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

காலையில் சார் அறிக்கையை எண்ணெய்க் கம்பெனிக்கு அனுப்பினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மதியம் செக்யூரிட்டி வந்து, வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்றார். தொழிற்பேட்டை முனையில் உள்ள டீக்கடை அருகே காரை நிறுத்திக்கொண்டு கஜேந்திரன். டிரைவர் இல்லாமல் தனியாக வந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"ரெண்டு நிமிஷம் பேசணும் மேடம். ரிப்போர்ட் போச்சுன்னா நான் முடிஞ்சேன். எனக்கு அடுத்த வருஷம் ரிட்டையர்மென்ட். சாரங்கபாணி நீங்க சொன்னா கேப்பாரு. மறுசோதனைன்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"காசிமேட்டுல ரோஸ்லின்னு ஒருத்தங்க இருக்காங்க. ஸ்தனிஸ்லாஸ் மனைவி. அன்னைக்கு என்ன நடந்ததுன்னு அவங்ககிட்ட நீங்க சொல்லணும்."

"சொன்னா?"

"முதல்ல சொல்லுங்க, நானும் வரேன். அப்புறம் பேசலாம்."

நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

காரில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். காசிமேடு நெருங்கியது. மீன் வாடை வந்ததும் அவர் ஜன்னலை ஏற்றினார். என் பக்கத்து ஜன்னலை நான் இறக்கிவிட்டேன்.

ரோஸ்லின் வீட்டு வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கலெடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உனுக்கு இங்க இன்னாடி வேல?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் ரோஸ்லின். இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்னை அடிக்கணும்னாலும் அடிங்க."

கஜேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஏன் கழற்றினார் என்று தெரியவில்லை. உள்ளே யாரும் கூப்பிடவில்லை.

"அம்மா, அந்தக் குழாய் பிளந்தப்புறம், பிளந்த துண்டு எங்க ஆலைக்குத்தான் வந்துச்சு. நான்தான் அறுத்துப் பார்த்தேன். உள்ள, படிக்கட்டு மாதிரி, விரிசல். ரொம்ப நாளாவே இருந்திருக்கு. எஃகுதான் கோளாறு. வால்வுல ஒண்ணுமில்ல."

"அப்ப அந்தாளு தப்பா தொறந்தாருன்னு சொன்னீங்களே?"

"தொறக்கல. நல்லசிவம் அதைத் தொறக்கவே இல்ல. மூடத்தான் ஓடியிருக்காரு. நாங்க அப்படிச் சொன்னோம். நான் சொன்னேன்."

"அந்தத் துண்டு எங்க?"

"உருக்கிட்டோம்மா."

ரோஸ்லின் கையில் வலைநூல் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மூணு வருசமா ஞாயித்துக்கெழம தவறாம கோயில்ல முட்டி போட்டு உம் புருசன் நரகத்துக்குப் போவணும்னு கேட்டுக்கினு இருக்கேன். அத்த இப்ப எப்புடிடி திருப்பி வாங்குறது?"

அவள் என் தோளைப் பிடித்தாள். அடிக்கத்தான் பிடித்தாள் என்று நினைத்தேன். பிடித்த கையை விடவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டோம், இரண்டு பேரும், வலை மேலேயே.

கூட்டத்தில் ஒரு பெண் கஜேந்திரனைப் பார்த்து, "இத்தையே கோர்ட்டுல வந்து சொல்லுவியா? இங்க இத்தினி பேரு கேட்டுக்கினுகீறோம்" என்றாள். அவர் தலையாட்டினார். செருப்பை மாட்டத் தெரியாதவர்போலத் தடுமாறினார்.

கார்வரை அவர் பின்னால் போனேன்.

"சொல்லிட்டேன் மேடம். இப்ப அந்த ரிப்போர்ட்..."

"அது காலையிலேயே போயிடுச்சு."

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்க சொல்லவே இல்லையே?"

"நீங்களும் மூணு வருஷமா சொல்லலையே, சார்."

திரும்பி ரோஸ்லின் வீட்டுக்கு நடந்தேன். அவர் எப்படிப் போனார் என்று பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூலை 18, வியாழன்

மலர்விழியிடம் சொன்னேன். "அப்பா மூடத்தான் ஓடினாரு. அந்தப் பொண்ணு கேட்டா அதைச் சொல்லு." அவள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்.

ஜூலை 24, புதன்

குழாய்களைத் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்புகிறார்கள். கடலுக்கடியில் முன்பே போட்டிருப்பதையும் நிறுத்தி ஆராயப் போகிறார்களாம். பழைய விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லி நானும் ரோஸ்லினும் மனுக் கொடுத்திருக்கிறோம். கஜேந்திரனை ஆலையிலிருந்து நீக்கிவிட்டதாக ஃபரூக் சொன்னார். ஆலை எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டதாம். முதலாளிகளுக்கு ஒன்றும் தெரியாதாம்.

பழியைத் தூக்கி ஒருவர் தலையில் போடுவது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும். ஆனால் அவர் உயிரோடு இருக்கிறார்; வாயைத் திறந்து பேசலாம். நீதிமன்றத்தில் அவர் பேச வேண்டும். முதலாளிகளின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். அதுவரை நான் விடப்போவதில்லை.

ஜூலை 27, சனி

ரோஸ்லின் ஆய்வகத்துக்கு வந்தாள். அவளே கேட்டாள், அந்த விரிசலைப் பார்க்க வேண்டும் என்று. சார் அனுமதி கொடுத்தார். நல்ல சேலை கட்டி, பூ வைத்து, ஏதோ விசேஷத்துக்கு வருவதுபோல வந்திருந்தாள். பையில் வறுத்த வஞ்சிரம் கொண்டுவந்திருந்தாள், மலர்விழிக்கு.

முதலில், உடையாமல் இருந்த பட்டை ஒன்றை வெறும் கண்ணால் பார்க்கக் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க? ஒண்ணியும் காணோம்."

நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொள்ளத் தெரியாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். நான் குமிழைத் திருப்பித் தெளிவாக்கினேன். மூச்சு நின்றதிலிருந்து அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

நெடுநேரம் தலையை எடுக்கவில்லை.

"இத்துனூண்டா?" என்றாள்.

"ஆமா."

"இத்துனூண்டுதானாடி?"

அவள் மறுபடியும் குனிந்தாள். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.